நிற்காமல் போகும் வித்தை: கிளைடர் பந்தயத்தில் ஐந்து நாள்

முதல் நாள்

இன்ஜின் இல்லாத விமானத்தில் 304 கிலோமீட்டர் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். இன்று காலை பிரீஃபிங்கில் கொடுத்த டாஸ்க் இதுதான். முக்கோணத்தின் முதல் பக்கம் 98 கிலோமீட்டர், இரண்டாவது 112, மூன்றாவது 94. ஒவ்வொரு திருப்பமுனையையும் சுற்றி 500 மீட்டர் ஆரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம். அதைத் தொட்டதற்குச் சாட்சி, கிளைடருக்குள் இருக்கும் ஜிபிஎஸ் பதிவுக் கருவி.

நானும் அக்காவும் 20 மீட்டர் இரட்டை இருக்கை வகுப்பில் பறக்கிறோம். 20 மீட்டர் என்பது இறக்கை முனையிலிருந்து முனை வரை உள்ள நீளம். முன் இருக்கையில் நான், பின்னால் அக்கா. அக்காவுக்குப் பந்தய அனுபவம் இருபது வருஷம். எனக்கு இதுதான் முதல் பெரிய போட்டி.

காலை ஏழு மணிக்கே டிரெய்லரைத் திறந்து இறக்கைகளைப் பூட்டினோம். பிறகு இறக்கைகளுக்குள் 150 லிட்டர் தண்ணீர் நிரப்பினோம். பறக்கும் பொருளுக்கு எதற்குக் கூடுதல் எடை என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோருமே கேட்கிறார்கள். எடை கூடினால் கிளைடரின் சறுக்கு விகிதம், அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னால் போகும் என்ற கணக்கு, கெடுவதில்லை. அதே விகிதத்தை இன்னும் அதிக வேகத்தில் தருகிறது, அவ்வளவுதான். எடை ஐந்தில் ஒரு பங்கு ஏறினால் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஏறும். ஏறு காற்று, அதாவது வெயிலில் சூடான தரையிலிருந்து மேலே எழும் காற்று, பலமாக இருக்கும் நாளில் அது லாபம். பலவீனமான நாளில் தண்ணீரைத் திறந்து கொட்டிவிடலாம்.

வெப்பநிலை 31, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 15 என்றார் வானிலைக்காரர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்டம் தோராயமாகக் கிடைத்துவிடும்: 2000 மீட்டர். பதினொன்றே முக்காலுக்கு இழுவை விமானங்கள் ஒவ்வொரு கிளைடராக மேலே கொண்டுபோகத் தொடங்கின. 600 மீட்டரில் கயிற்றை விட்டோம். அதன் பிறகு கேட்டதெல்லாம் காற்றின் சத்தமும் வேரியோமீட்டரின் கூவலும்தான். விநாடிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறோம், இறங்குகிறோம் என்று காட்டுகிற கருவி அது. ஏறும்போது விட்டுவிட்டுக் கூவும், இறங்கும்போது ஒரே மூச்சில் முனகும்.

தொடக்கக் கோடு திறந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் அதைக் கடக்கலாம். கடந்த நொடியிலிருந்து அவரவர் கடிகாரம் ஓடும். சீக்கிரம் போனால் ஏறு காற்று இன்னும் முழுதாக முளைத்திருக்காது. தாமதமாகப் போனால் மாலையில் அது நம்மை நடுவழியில் விட்டுவிடும். முன்னால் போனவர்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்பதைப் பார்த்துப் பறப்பதும் லாபம் என்பதால் யாருமே முதலில் போக விரும்புவதில்லை. நாங்கள் 1:12-க்குக் கோட்டைக் கடந்தோம்.

3 மணி 20 நிமிடம் பறந்து சேர்ந்தோம். மணிக்கு 91 கிலோமீட்டர். இன்று வென்றவரின் வேகம் 104. அவருக்கு 2 மணி 55 நிமிடமே ஆகியிருக்கிறது.

அந்த 25 நிமிடம் எங்கே போயிற்று? இரவு இரண்டு பதிவுகளையும் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். மேகத்திலிருந்து மேகத்துக்குச் சறுக்கும்போது அவரும் நாங்களும் ஒரே வேகம்தான், 150. ஆனால் ஏறு காற்றில் நின்று சுற்றுவதற்கு நாங்கள் 17 முறை நின்றிருக்கிறோம். அவர் 11 முறை. எங்கள் சராசரி ஏற்றம் விநாடிக்கு 1.9 மீட்டர், அவருடையது 2.4.

அக்கா ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 150-ல் பறந்தால் விநாடிக்கு 1.1 மீட்டர் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 2 மீட்டர் கிடைத்தால், ஏறும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி வேகம் 97. அவசரப்பட்டு 170-ல் பறந்தால் இறக்கம் 1.5 ஆகிவிடும். அப்போதும் சராசரி அதே 97-தான்! 150-லேயே இருந்து, 3 மீட்டர் ஏற்றம் தரும் இடத்தில் மட்டும் சுற்றினால் 110.

"வேகத்தை விரட்டாதடா. எங்க நிக்கிறோம்னு பாரு. எங்க நிக்காம போறோம்னு அதைவிட நல்லா பாரு," என்றார் அக்கா. அந்தத் தாளைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள்

இன்று வேறு மாதிரி டாஸ்க். புள்ளிகளுக்குப் பதிலாகப் பெரிய வட்டங்கள். இரண்டாவது வட்டத்தின் ஆரமே 30 கிலோமீட்டர். வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம், ஆனால் குறைந்தபட்சம் மூன்று மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். முன்கூட்டியே வந்துவிட்டால், பறந்த தூரத்தை மூன்று மணியால்தான் வகுப்பார்கள்.

இரண்டாவது வட்டத்துக்குள் பத்து கிலோமீட்டர் போயிருப்போம். வடக்கே உயரத்தில் மெல்லிய மேகப் படலம் ஒன்று பரவிக்கொண்டிருந்தது. அதன் நிழல் விழும் தரையில் வெப்பம் செத்துவிடும். "இன்னும் உள்ள போலாம், படலம் இங்க வர முக்கால் மணி நேரம் ஆகும்," என்றார் அக்கா. எனக்குப் பயம். திரும்பிவிட்டேன்.

290 கிலோமீட்டர், 2 மணி 51 நிமிடம். உண்மையான வேகம் 102. பட்டியலில் ஏறியது 97. அந்த ஒன்பது நிமிடத்தில் பதினைந்து கிலோமீட்டர் கூடுதலாகப் போயிருக்கலாம். படலம் அக்கா சொன்னபடியே மெதுவாகத்தான் வந்தது. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள்

காலையிலிருந்து தூறல். பத்தரைக்கு ரத்து.

ஹேங்கரில் ஒரு பழைய கிளைடரின் விதானக் கண்ணாடி ஓரத்தில் சின்னதாக ஓர் உலோகத் தாங்கி திருகப்பட்டிருந்தது. காமிராவுக்கானது என்றார் அக்கா. ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு திருப்பமுனைக்குப் போனதை நிரூபிக்க முக்கிய வழி புகைப்படம். இறக்கையைச் சாய்த்து, கீழே இருக்கும் தேவாலயக் கோபுரத்தையோ சாலைச் சந்திப்பையோ சரியான கோணத்திலிருந்து படம் பிடிக்க வேண்டும். மாலையில் சுருளைக் கழுவிப் பார்த்து, நடுவர்கள் ஒவ்வொரு படமாகச் சரிபார்ப்பார்கள். ஒரு படம் தப்பினால் அன்றைய உழைப்பு முழுக்கப் போச்சு. அதனால் இரண்டு காமிரா வைத்துக்கொண்டு பறந்தவர்கள் உண்டு. 1990-களில் பதிவுக் கருவிகள் வந்த பிறகுதான் அந்தத் தாங்கிகளுக்கு வேலையில்லாமல் போனது.

மழை விடவில்லை, பேச்சும் விடவில்லை. 1937-ல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில் ஹைனி டிட்மார் வென்றது பற்றிச் சொன்னார் அக்கா. அந்தக் காலத்தில் காற்று கொண்டுபோகிற திசையில் முடிந்தவரை தூரம் போய் இறங்குவதற்குப் பெரிய மதிப்பு. அந்த மரபின் உச்சம் 1972-ல் ஹான்ஸ்-வெர்னர் குரோசே பறந்தது: பால்டிக் கரையிலிருந்து பிரான்சின் பியாரிட்ஸ் வரை 1,460 கிலோமீட்டர். அது மகத்தான பயணம். ஆனாலும் எனக்குப் பிடித்தது சொன்ன இடத்துக்குப் போய், திரும்பி, வீடு வந்து சேரும் பந்தயம்தான். பாதை எல்லோருக்கும் ஒன்று. வானம்கூட ஒன்று. முடிவெடுப்பது மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் ஒருவர் எடுத்த முடிவை இன்னொருவருடைய முடிவின் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் படிக்க முடிகிறது.

முதல் நாள் இரவு அக்கா போட்ட கணக்குக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்கர் பால் மெக்ரெடி. அடுத்த ஏறு காற்று எவ்வளவு பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ, அதை வைத்து இப்போது எந்த வேகத்தில் சறுக்க வேண்டும் என்று வேரியோமீட்டரைச் சுற்றிய ஒரு வளையத்தில் படிக்கும் முறையைக் கொண்டுவந்தவர். 1956-ல் பிரான்சின் சேன்-யானில் உலகப் பட்டம் வென்றார். மனித உடல் பலத்தால் மட்டுமே பறக்கும் காசமர் கான்டர் விமானத்தை 1977-ல் பறக்கவிட்டவரும் இவரே. இன்று வளையத்தின் இடத்தில் கணினி வந்துவிட்டது. திரையில் நாம் திருகி வைக்கும் எண்ணுக்கு இன்னமும் அவர் பெயர்தான்.

நான்காம் நாள்

வயலில் இறங்கிவிட்டோம். டிரெய்லர் வரும் வரை இறக்கை நிழலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழைக்குப் பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு மேகம் இல்லை. மேகம் இல்லாவிட்டால் ஏறு காற்று இல்லை என்று அர்த்தம் கிடையாது. அது இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். 1300 மீட்டரில் வெப்பத் தலைகீழ் அடுக்கு ஒன்று மூடிபோல் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் எதுவும் ஏறாது.

இப்படிப்பட்ட நாளில் எல்லோரும் கூட்டமாகத்தான் பறப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஏறு காற்றில் பதினான்கு கிளைடர்களை எண்ணினேன். முதலில் வந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிறவர்களும் அதே பக்கம்தான் சுற்ற வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. நமக்கு மேலே ஒருவருடைய வயிறு, கீழே ஒருவருடைய இறக்கை, எதிரே ஒருவர் தலை திருப்பி நம்மைப் பார்ப்பது தெரியும். மோதல் எச்சரிக்கைக் கருவி ஃபிளார்ம் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 20 விநாடி. அந்த 20 விநாடியும் கண் வெளியே இருக்க வேண்டும். இங்கே பார்வையைத் தவறவிட்டால் புள்ளிகளோடு முடிவதில்லை, உயிர் போகும். இந்தக் கூட்டப் பறத்தலைப் பந்தயம் என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டாஸ்க் போடுகிறவர்கள், எல்லாரையும் ஒரே புள்ளிக்கு அனுப்பாத வட்டங்களைத்தான் மேகமில்லாத நாளுக்கு வைக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அதனாலேயே மூன்றாவது பக்கத்தில் கூட்டத்தை விட்டு விலகினேன். வலது பக்கம் உழுத நிலமும் அதை ஒட்டி ஒரு கல் குவாரியும் தெரிந்தன. வெறும் பாறை நன்றாகச் சூடேறும் என்பது என் கணக்கு. 900 மீட்டரில் குவாரிக்கு மேல் போனோம். வேரியோ ஒரு முறை கூவியது. வலது இறக்கை லேசாகத் தூக்கியது. சுற்றினேன். பாதிச் சுற்று ஏற்றம், பாதிச் சுற்று இறக்கம். மையத்தைத் தேடி நகர்த்தினேன், மறுபடி நகர்த்தினேன். மூன்று நிமிடத்துக்குப் பிறகும் அதே 900.

அந்த மூன்று நிமிடத்தில் விட்டுவிட்டு முன்னால் போயிருக்க வேண்டும். மாலை நான்கரை மணி, வெயில் சாய்ந்துவிட்டது. அரை மீட்டர் ஏற்றமாவது கிடைக்கட்டும் என்று ஒட்டிக்கொண்டேன். அதுவும் வற்றியது. வேறு இடம் தேடிச் சறுக்கினோம். 600 மீட்டர்.

அதற்குப் பிறகு பந்தயம் இல்லை. 600-ல் இறங்கத்தக்க பகுதியைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். 450-ல் வயலைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 300-க்குக் கீழே எவ்வளவு அழகாக வேரியோ கூவினாலும் சுற்றக் கூடாது. அக்காவின் குரல் பின்னாலிருந்து ஒரே சீராக வந்தது.

"எந்த வயல்?"

"அறுவடை முடிஞ்ச மஞ்சள் வயல்கா. சாலைக்கு இந்தப் பக்கம்."

"சரிவு?"

"தெரியல. காத்து எதிர்ல வருது."

"கம்பி?"

கம்பியை மேலிருந்து பார்க்க முடியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். சாலையோரம் மூன்று கம்பங்கள் தெரிந்தன. அவை எங்கே போகின்றன என்று நூல் பிடித்துக்கொண்டு போனேன். வயலின் கிழக்கு மூலையை வெட்டிக்கொண்டு போயின. "மேற்கு ஓரமா இறங்கறேன்கா." "சரி, தண்ணி?" தண்ணீரை முன்பே திறந்துவிட்டிருந்தேன். சக்கரம் கீழே. வேகத்தடுப்புத் தகடுகளைத் திறந்தேன். மேற்குப் பக்க மரங்களை நல்ல உயரத்தில் தாண்டினோம். வைக்கோல் தாள்கள் அடிவயிற்றில் உரசும் சத்தம், ஒரு குலுக்கல், பிறகு அமைதி. கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருந்த சிவப்பு நூல் தொங்கிப்போய்க் கிடந்தது. பறக்கும்போது அது நேராக நின்றால் காற்று நேராக வருகிறது என்று பொருள். ஐந்து மணி நேரம் என் கண் முன்னால் துடித்துக்கொண்டே இருந்த நூல், அசையாமல் கிடந்ததைப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது.

181 கிலோமீட்டர். முடிக்காதவர்களுக்கு வேகப் புள்ளி கிடையாது, போன தூரத்துக்கு மட்டும்தான். வயலின் சொந்தக்காரர் டிராக்டரில் வந்தார். கிளைடரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிரெய்லர் உள்ளே வர எந்த வழி இறுகிய மண் என்று கையைக் காட்டிச் சொன்னார். இப்போது வால் பகுதியைக் கழற்றி வைத்திருக்கிறோம். இறக்கையைத் தூக்க மூன்றாவது ஆள் வேண்டும்.

"குவாரிக்குப் போனது தப்பாக்கா?" என்று கேட்டேன்.

"போனது தப்பில்ல. அங்கேயே இருந்தது தப்பு."

ஐந்தாம் நாள்

கடைசி நாள். 387 கிலோமீட்டர். எட்டு மணிக்கே வானத்தில் பஞ்சுத் துண்டுகள் முளைத்துவிட்டன. காற்று வடமேற்கிலிருந்து. பதினொரு மணிக்கு அந்தத் துண்டுகள் வரிசை கட்டத் தொடங்கியதைப் பார்த்ததும் அக்கா என் தோளைத் தட்டினார். மேகத் தெரு! ஏறு காற்றுகள் காற்றின் திசையிலேயே வரிசையாக அமைந்துவிட்டால் அவற்றின் தலையில் மேகங்கள் சாலை போட்ட மாதிரி நிற்கும். அதன் அடியிலேயே போனால் சுற்றவே தேவையில்லை. ஏறும் இடத்தில் வேகத்தைக் குறைத்து மேலே வாங்கிக்கொண்டு, இறங்கும் இடத்தில் மூக்கைத் தாழ்த்தி விரைந்து கடக்கலாம். கடலில் டால்பின் போவது போல.

கிளம்பும் முன் இறக்கையின் முன் விளிம்பை ஈரத் துணியால் துடைத்தேன். நேற்று மாலை அடித்த பூச்சிகளின் சிறகுகள் புள்ளி புள்ளியாகக் காய்ந்து ஒட்டியிருந்தன. இறக்கை மீது காற்று வழுக்கிப் போவதை அந்தப் புள்ளிகள் கெடுத்துவிடும். விரல் நுனியால் தடவி, ஒன்றும் தட்டுப்படவில்லை என்று உறுதியான பிறகே விட்டேன்.

12:40-க்குத் தொடக்கம். முதல் திருப்பமுனை வரை ஒரே ஒரு முறைதான் நின்று சுற்றினோம். வேரியோ 1.5 காட்டிய இடங்களில் என் கை தானாகக் கட்டுப்பாட்டுக் குச்சியைச் சாய்த்துச் சுற்றப் போகும். "விடு," என்பார் அக்கா. 2 காட்டியது. "விடு." இரண்டாவது பக்கத்தின் நடுவில் பெரிய மேகம் ஒன்று, அடிவயிறு கறுத்து, தட்டையாக, ஓரம் கூர்மையாக இருந்தது. அதன் வெயில் பக்கத்து ஓரத்தில் நுழைந்தபோது இருக்கையோடு அழுத்தும் ஒரு தூக்கல். 3.5. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சுற்றினேன். நான்கே நிமிடத்தில் 800 மீட்டர். ஏற்றம் 2-க்கு இறங்கியதும் அக்கா சொல்வதற்கு முன்பே நான் வெளியே வந்துவிட்டேன்.

கடைசிப் பக்கத்தில் வீட்டுக்கு 46 கிலோமீட்டர் இருக்கும்போது உயரம் 1450 மீட்டர். முடிவு வளையத்தை 150 மீட்டருக்குக் கீழே கடந்தால் அபராதம். காற்று கொஞ்சம் முதுகுப் பக்கம். எங்கள் வேகத்துக்கு 1220 இருந்தால் போதும் என்றது கணினி. 230 மீட்டர் உபரி. இன்னொரு முறை ஏறிக்கொள்ளலாமா என்ற ஆசை வந்தது. இடது பக்கம் ஒரு மேகமும் அழைத்தது. ஆனால் ஏறத் தேவையில்லாத உயரத்துக்கு ஏறும் ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்துக்குத்தான் போகும்.

"போறேன்கா."

"போ."

மூக்கைத் தாழ்த்தினேன். 30 கிலோமீட்டரில் இறங்கு காற்று பிடித்தது. உபரி 230 என்பது 140, பிறகு 60. தொண்டை வறண்டது. கீழே இறங்கத்தக்க வயல்கள் இருக்கின்றனவா என்று கண் தானாகத் தேடியது. இருந்தன. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு கிராமத்துக்கு மேலே காற்று மெல்லத் தூக்கியது. உபரி 90. ஓடுபாதை தெரிந்தது. 190 மீட்டரில் வளையத்தைக் கடந்தோம். தண்ணீரைத் திறந்துவிட்டு, சக்கரத்தை இறக்கி, நேரே இறங்கினோம்.

3 மணி 12 நிமிடம். மணிக்கு 121 கிலோமீட்டர். இன்று எங்கள் வகுப்பில் நான்காவது இடம்.

கணினியில் பதிவை ஏற்றியதும் நான் வேகத்தைப் பார்க்கவில்லை. கோட்டில் சுருள் சுருளாகத் தெரியும் இடங்களை விரலால் எண்ணினேன். அக்காவும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து எண்ணினார்.

"எத்தனை வருது உனக்கு?"

"ஆறு."

"எனக்கும் ஆறுதான்டா," என்று சொல்லிவிட்டு, டிரெய்லரைத் திறக்கப் போனார்.